தொப்பி கழற்றாத மனிதர்கள்

(வானொலியில் ஆற்றிய மறையுரையின் எழுத்து வடிவம்)



எனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததிலிருந்து மருத்துவர் என் காலை இட்லியைப் பறித்துக்கொண்டு ஓட்ஸ் கஞ்சியைக் கொடுத்துவிட்டார். பங்கு இல்லத்துச் சமையலறையில் இருக்கும் அந்த ஓட்ஸ் டப்பாவில் அகலமான தொப்பியும் வெள்ளை முடியுமாக ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டிருப்பார். பீடச் சிறுவன் ஒருவன் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "சாமி, இவரு எந்தப் புனிதரு?" என்று கேட்டான். புனிதர் இல்லை தம்பி, இவர் ஒரு குவேக்கர் என்றேன். அந்த நிறுவனத்துக்கும் குவேக்கர் சபைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. நேர்மையானவர்கள் என்று பெயர் எடுத்த கூட்டத்தின் பெயரை ஒரு வியாபாரம் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

பையன் விடவில்லை. "குவேக்கர்னா யாரு?" என்றான். நான் குருமடத்தில் திருச்சபை வரலாற்று வகுப்பில் படித்தது நாலைந்து வரிதான். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றியவர்கள், குருத்துவம் இல்லை, அருளடையாளங்கள் இல்லை, ஆகவே தவறு. தேர்வில் அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். பிற்பாடு அவர்களுடைய கதையைத் தேடிப் படித்தபோதுதான், அந்த நாலைந்து வரிகளில் எவ்வளவு விட்டுப்போயிற்று என்று தெரிந்தது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவர் 1624இல் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்தார். சிறு வயதில் செருப்புத் தைக்கும் தொழில் பழகினார். அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்த காலம் அது. ஊருக்கு ஊர் புதுப் புது போதகர்கள். இந்த இளைஞர் ஒவ்வொரு போதகராகத் தேடிப்போய்த் தன் மனத்துயரத்தைச் சொன்னார். ஒருவர் புகையிலை பிடித்துச் சங்கீதம் பாடச் சொன்னாராம். இன்னொருவருடைய தோட்டத்துப் பாத்தியில் தெரியாமல் கால் வைத்ததற்குத் திட்டு வாங்கினாராம். (நாம் குருக்கள் கேட்டு வெட்கப்பட வேண்டிய இடம் இது.) கடைசியில் 1647 வாக்கில், தன் நிலையை அறிந்து பேசக்கூடியவர் இயேசு கிறிஸ்து ஒருவரே, அவர் வெளியே எங்கோ இல்லாமல் உள்ளத்துக்குள்ளேயே பேசுகிறார் என்ற தெளிவு அவருக்குக் கிடைத்தது.

யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரம் நமக்குப் பழக்கமானது. உலகிற்கு வந்து ஒவ்வொரு மனிதரையும் ஒளிர்விக்கும் உண்மையான ஒளியைப் பற்றி அங்கே வாசிக்கிறோம். 'ஒவ்வொரு மனிதரையும்' என்ற சொல்லை ஃபாக்ஸ் அப்படியே எடுத்துக்கொண்டார். ஏழை, பணக்காரர், ஆண், பெண், கிறிஸ்தவர், துருக்கியர் என்ற வேறுபாடு அந்த ஒளிக்கு இல்லை. அந்த ஒளி எல்லாருக்குள்ளும் இருக்கிறது, அது கிறிஸ்துவின் ஒளி. குவேக்கர் நம்பிக்கையின் வேர் இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை. எல்லாரிடமும் ஒளி இருக்கிறது என்றால் தனியாகக் குருக்கள் எதற்கு? ஆகவே ஞாயிற்றுக்கிழமை மௌனமாகக் கூடி உட்கார்ந்தார்கள். ஆவியார் யாரைத் தூண்டுகிறாரோ அவர் எழுந்து பேசினார். பெண்களும் பேசினார்கள். பிரபுவுக்கும் கூலிக்காரருக்கும் ஒரே மரியாதை என்பதால் யார் முன்பும் தொப்பியைக் கழற்றவில்லை. ஆண்டவர் மலைப்பொழிவில் ஆணையிடவே வேண்டாம் என்று சொன்னதால் நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் செய்ய மறுத்தார்கள். போருக்குப் போக மறுத்தார்கள். 1650இல் டெர்பி நகரில் ஒரு நீதிபதியின் முன் நின்ற ஃபாக்ஸ், ஆண்டவருடைய வார்த்தைக்கு முன் நடுங்குங்கள் என்று அவருக்கே சொன்னார். 'அப்படியானால் நீங்கள் நடுக்கக்காரர்களோ' என்ற பொருளில் நீதிபதி கேலியாக வைத்த பெயர்தான் குவேக்கர். அவர்கள் தங்களை 'நண்பர்கள்' என்றே அழைத்துக்கொண்டார்கள்.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அருளடையாளங்களைப் பற்றி அவர்கள் சொன்னதை நான் ஏற்கவில்லை, ஏற்கவும் முடியாது. வாக்கு மனிதரானார் என்று அதே அதிகாரம்தான் சொல்கிறது. உடலெடுத்து வந்த ஆண்டவர் தண்ணீரையும் அப்பத்தையும் எண்ணெயையும் விட்டு வெறும் உள்ளத்தோடு மட்டும் பேசிக்கொண்டிருக்க விரும்பவில்லை என்பது நம் விசுவாசம். நம் விசுவாசம் அவர்களுக்குச் சிலைவழிபாடாகவே தெரிந்தது. இரண்டு பக்கமும் இதில் ஒளிவுமறைவு இருந்ததில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டே மீதியைக் கேளுங்கள்.

அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1656இல் ஜேம்ஸ் நெய்லர் என்ற குவேக்கர், ஆண்டவர் எருசலேமுக்குள் நுழைந்ததைப் போல பிரிஸ்டல் நகருக்குள் ஊர்வலமாக வந்தார். அது புத்திகெட்ட செயல் என்று அவருடைய சபையாரே வருந்தினார்கள். ஆனால் பாராளுமன்றமே விசாரித்துக் கொடுத்த தண்டனை என்ன? சாட்டையடி, நெற்றியில் சூடு, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் நாவில் துளை. 1662இல் குவேக்கர்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. வழிபாட்டுக்கு ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடினால் அபராதம், சிறை, நாடுகடத்தல். இரண்டாம் சார்லஸ் அரசரின் காலத்தில் மட்டும் 400க்கும் மேற்பட்ட குவேக்கர்கள் சிறையிலேயே இறந்தார்கள்.

கத்தோலிக்கராகிய நாம் கவனிக்க வேண்டிய செய்தி இதில் ஒன்று இருக்கிறது. அவர்களைப் பிடிக்கப் பயன்பட்ட வலைகளில் சில முதலில் நமக்காகப் பின்னியவை. 1605இல் நடந்த வெடிமருந்துச் சதிக்குப் பிறகு கத்தோலிக்கரை வடிகட்டுவதற்கென்று ஒரு விசுவாசப் பிரமாணம் உருவாக்கப்பட்டது. திருத்தந்தையைப் பற்றி அதில் இருந்த வாசகங்களுக்காக நம்மவர்கள் அதை மறுத்தார்கள். எந்தப் பிரமாணமுமே செய்யக் கூடாது என்பதற்காகக் குவேக்கர்கள் அதை மறுத்தார்கள். காரணம் வேறு, சிறை ஒன்று. அரசு ஆலயத்துக்கு வராத கத்தோலிக்கருக்கு மாதம் 20 பவுன் அபராதம் என்ற பழைய சட்டமும் குவேக்கர்கள் மேல் பாய்ந்தது.

கடல் கடந்து போன இடத்திலும் நிம்மதி இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தை அமைத்தவர்கள் பியூரிட்டன்கள். இங்கிலாந்தில் தங்கள் மனச்சான்றின்படி வழிபட முடியவில்லை என்று அழுதுகொண்டு கப்பலேறியவர்கள். அவர்கள்தான் 1658இல், நாடுகடத்தப்பட்ட குவேக்கர் திரும்பி வந்தால் மரணம் என்று சட்டம் போட்டார்கள். 1659 அக்டோபர் 27ஆம் நாள் பாஸ்டனில் வில்லியம் ராபின்சன், மார்மடியூக் ஸ்டீபன்சன் என்ற இருவர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களோடு மேரி டயர் என்ற தாயும் தூக்குமரத்தடியில் நின்றார். கழுத்தில் கயிறு மாட்டிய பிறகு, மன்னிப்பு என்று சொல்லி இறக்கி ஊரைவிட்டு அனுப்பினார்கள். பிள்ளைகளும் கணவரும் உள்ளவர், வீட்டோடு இருந்திருக்கலாம். அடுத்த ஆண்டு அந்தச் சட்டத்தை எதிர்ப்பதற்கென்றே திரும்பி வந்தார். 1660 ஜூன் 1ஆம் நாள் தூக்கிலிட்டார்கள். இன்று அதே மாசசூசெட்ஸ் அரசுக் கட்டடத்தின் முன்னால் அவருக்குச் சிலை இருக்கிறது.

பியூரிட்டன்கள் அப்படித்தான், நாம் அப்படிச் செய்திருக்க மாட்டோம் என்று உங்களில் யாராவது நினைத்தால், உங்களை மால்ட்டா தீவுக்கு அழைத்துப்போக வேண்டும். திருத்தூதர் பவுல் கப்பல் உடைந்து கரையேறிய அதே மால்ட்டா. கேத்தரின் எவன்ஸ், சாரா சீவர்ஸ் என்ற இரண்டு குவேக்கர் பெண்கள் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குப் போகும் வழியில் அங்கே இறங்கித் தங்கள் நம்பிக்கையைப் பேசினார்கள், துண்டுப் பிரசுரங்களைக் கொடுத்தார்கள். இருவரும் குடும்பப் பெண்கள், பிள்ளைகளின் தாய்மார்கள். நம்முடைய சமய விசாரணை மன்றம், அதாவது இன்குவிசிஷன், அவர்களைப் பிடித்து மூன்றாண்டுகளுக்கு மேல் அடைத்துவைத்தது. வெப்பத்தில் மூச்சுவிட முடியாத அறை. ஒருவரைவிட்டு ஒருவரைப் பிரித்தார்கள். மனம் மாறினால் விடுதலை என்றார்கள். அவர்கள் மாறவில்லை. டேனியல் பேக்கர் என்ற குவேக்கர் அங்கே போய், இவர்களுக்குப் பதிலாக என்னை அடைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். கிடைக்கவில்லை.

அவர்கள் எப்படி வெளியே வந்தார்கள் தெரியுமா? லண்டனில் அரசி கேத்தரினின் அரண்மனையில் டோபின்யி பிரபு என்ற கத்தோலிக்கக் குரு ஒருவர் இருந்தார். குவேக்கர்கள் அவரிடம் போய் முறையிட்டார்கள். அவர் மால்ட்டாவுக்குக் கடிதம் எழுதினார். 1662இல் அந்தப் பெண்கள் விடுதலையானார்கள். அடைத்துவைத்ததும் நம்மவர், திறந்துவிட்டதும் நம்மவர். இதில் எந்த வரியையும் அழித்துவிட்டு இன்னொன்றை மட்டும் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

குருமடத்தில் படித்தவன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் இறையியல் பேச அனுமதியுங்கள். புனித தோமா அக்குவினா, மனச்சான்று தவறாகவே இருந்தாலும் அதற்கு எதிராக நடப்பவர் பாவம் செய்கிறார் என்று கற்பித்தார். அதே தோமாதான், பிடிவாதமான தப்பறையாளரை அரசு கொல்வது தகும் என்றும் எழுதினார். இந்த இரண்டும் ஒரே நூலில் இருக்கின்றன. பல நூற்றாண்டுகள் திருச்சபை இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. தவறுக்கு உரிமை இல்லை என்றது. தவறுக்கு உரிமை இல்லாமல் இருக்கலாம், ஆனால் தவறிப்போன மனிதருக்கு உரிமை உண்டு என்பதை நாம் முழுமையாகச் சொல்ல 1965 ஆகிவிட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமயச் சுதந்திரம் பற்றிய ஏட்டை 2308 வாக்குகளால் ஏற்றுக்கொண்டது, எதிர்த்தவை 70. சமய விஷயத்தில் யாரையும் அவர் மனச்சான்றுக்கு எதிராகக் கட்டாயப்படுத்தக் கூடாது, இது மனித மாண்பிலிருந்தே பிறக்கும் உரிமை என்பது அதன் சாரம்.

இதை நான் படித்துத்தான் குருவானேன். ஆனாலும் இளம் குருவாக இருந்தபோது ஒரு காரியம் செய்தேன். ஒரு தாய் அழுதுகொண்டு வந்தார். "சாமி, மகன் வேற சபைக்குப் போறான், நீங்க வந்து நாலு வார்த்தை சொல்லணும்" என்றார். நான் போய் நாலு வார்த்தைக்கு நாற்பது வார்த்தை சொன்னேன். கல்லறையில் இடம் கிடைக்காது, உன் வீட்டுக் கல்யாணத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்றெல்லாம் பேசினேன். அவன் என்ன தேடிப் போனான் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். அதன் பிறகு நான் அந்தப் பங்கில் இருந்த காலம் முழுவதும் அவன் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. தாயோடும் பேச்சைக் குறைத்துக்கொண்டான். ஜார்ஜ் ஃபாக்சைத் திட்டிய அந்தத் தோட்டக்காரப் போதகரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வீட்டுத் திண்ணை ஞாபகம் வரும்.

சரி, லண்டனுக்குத் திரும்புவோம். குவேக்கர்களில் ஃபாக்சுக்கு அடுத்தபடி நாம் அறிய வேண்டியவர் வில்லியம் பென். கடற்படைத் தளபதியின் மகன், செல்வாக்கான குடும்பம். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, அரசுச் சபையின் வழிபாட்டுக்கு ஒத்துப்போகாததால் வெளியேற்றப்பட்டவர். அயர்லாந்தில் ஒரு குவேக்கர் பேசக் கேட்டு 1667இல் அவர்களோடு சேர்ந்தார். 1670 ஆகஸ்ட் மாதத்தில் லண்டன் கிரேஸ்சர்ச் தெருவில் இருந்த அவர்களுடைய கூடத்தைப் படைவீரர்கள் பூட்டிவிட்டார்கள். பென் தெருவிலேயே நின்று போதித்தார். அவரையும் வில்லியம் மீட் என்பவரையும் கலகக் கூட்டம் சேர்த்ததாக ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள்.

அந்த வழக்கில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பும் வரும். இருவரும் தொப்பி இல்லாமல்தான் உள்ளே வந்தார்கள்; வாசலில் சேவகர்கள் கழற்றியிருந்தார்கள். நீதிபதிகள், தொப்பியை மாட்டிவிடு என்று உத்தரவிட்டார்கள். மாட்டியதும், நீதிமன்றத்தில் தொப்பியோடு நிற்கிறாயா என்று ஆளுக்கு 40 மார்க் அபராதம் போட்டார்கள்! எந்தச் சட்டத்தை மீறினேன், அதைக் காட்டுங்கள் என்று பென் கேட்டுக்கொண்டே இருந்தார். காட்டவில்லை, மூலையில் இருந்த தடுப்புக்குள் தள்ளினார்கள். பன்னிரண்டு ஜூரிகள், தெருவில் பேசினார் என்பதற்கு மேல் எதையும் குற்றமாகச் சொல்ல மறுத்தார்கள். அவர்களில் எட்வர்ட் புஷெல் என்பவர் முன்னால் நின்றார். நீதிபதிகள் ஜூரிகளையே உணவு, தண்ணீர், நெருப்பு எதுவும் இல்லாமல் இரண்டு இரவுகள் பூட்டிவைத்தார்கள். அப்போதுதான் நகர நீதி அதிகாரி ஒருவர், ஸ்பெயின்காரர்கள் ஏன் இன்குவிசிஷனை வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது என்று பாராட்டிப் பேசினார். கத்தோலிக்கரைத் தண்டித்த அதே ஊரில், நம்மிடமிருந்து கற்றுக்கொள்ள அவருக்குத் தோன்றியது அந்த ஒன்றுதான்!

மூன்றாம் நாள் காலையிலும் ஜூரிகள், குற்றமில்லை என்றே சொன்னார்கள். அவர்களுக்கும் 40 மார்க் அபராதம், கட்டும் வரை சிறை. புஷெல் கட்ட மறுத்து மேல்முறையிட்டார். தலைமை நீதிபதி வாகன், தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்க முடியாது என்று விடுவித்தார். ஆங்கிலச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

பென் அடுத்தபடியும் சிறைக்குப் போனார். நியூகேட் சிறையிலிருந்து மனச்சான்றின் சுதந்திரம் பற்றி ஒரு நூலை முடித்து வெளியிட்டார். அவருடைய வாதத்தை எளிமையாகச் சொன்னால் இப்படி: மனச்சான்றில் அமர்ந்து ஆளுவது கடவுளுடைய உரிமை. அங்கே அரசர் போய் உட்கார்ந்தால் அவர் கடவுளுடைய நாற்காலியைப் பிடுங்குகிறார். அடித்து வரவழைத்த வழிபாட்டில் அன்பு இருக்காது. தடி தாங்காதவர் வேஷம் போடுவார், தாங்குபவர் சாவார்; விசுவாசி யாரும் அதில் பிறப்பதில்லை.

நல்ல வாதம். ஆனால் தனக்கு அடி விழும்போது எல்லாரும் இப்படித்தான் பேசுவார்கள், பியூரிட்டன்களும் பேசினார்கள். பென் சொன்னது உண்மையா என்று பார்க்க வேண்டிய இடம், அவர் வெறுத்த மதம் அடிபட்ட இடம். அதாவது நாம். 1670இல் நம் விசுவாசத்தை மறுத்தே ஒரு நூல் எழுதியவர் அவர். 1678 மார்ச் மாதம் பாராளுமன்றக் குழுவின் முன் அவர் நின்றபோது, கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களால் குவேக்கர்களைத் தண்டிக்காதீர்கள் என்று கேட்கத்தான் போயிருந்தார். நாங்கள் கத்தோலிக்கர் இல்லை, அவர்களை அடியுங்கள், எங்களை விடுங்கள் என்று சொன்னால் எல்லாரும் கைதட்டியிருப்பார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. கத்தோலிக்கரின் பெயரில் குவேக்கர்களை அடிப்பது அநியாயம் என்று நான் முறையிடுவதால், கத்தோலிக்கரை அவர்களுடைய மனச்சான்றுக்காக அடிக்கலாம் என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார். அதே ஆண்டு டைட்டஸ் ஓட்ஸ் என்பவர் (இந்த ஓட்ஸ் வேறு!) கட்டிவிட்ட பொய்ச் சதிக்கதையால் லண்டன் வெறிபிடித்து எழுந்தது, அந்த வெறியில்தான் 1681இல் அர்மாக் பேராயர் புனித ஆலிவர் பிளங்கெட் கொல்லப்பட்டார். பென்னை மாறுவேடம் போட்ட இயேசு சபைக் குரு என்று ஊரே வதந்தி பேசியது.

1681இல் அரசர் சார்லஸ், பென்னுடைய தந்தைக்குத் திருப்பித் தர வேண்டியிருந்த 16,000 பவுன் கடனுக்காக அமெரிக்காவில் பெரிய நிலப்பரப்பை அவருக்குக் கொடுத்தார். அதுதான் பென்சில்வேனியா. ஒரே கடவுளை ஏற்று, சமூகத்தில் அமைதியாக வாழ ஒப்புக்கொள்பவர் யாரையும் அவருடைய நம்பிக்கைக்காகத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அங்கே சட்டம் எழுதினார்கள். அரசுச் சபை என்று ஒன்று இல்லை. அதற்காக வரியும் இல்லை. குறைகள் இருந்தன. பதவிக்கு வருபவர் இயேசு கிறிஸ்துவில் நம்பிக்கை கொண்டவராக இருக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். அதைவிடக் கொடியது, எல்லாரிடமும் ஒளி இருக்கிறது என்று போதித்த பென்னிடமே அடிமைகள் இருந்தார்கள். 1688இல் ஜெர்மன்டவுன் என்ற ஊரில் நான்கு பேர் கையெழுத்திட்டு, அடிமை முறை தகாது என்று குவேக்கர் கூட்டத்துக்கு எழுதினார்கள். அந்தக் கடிதத்தை மேலிடம், மேலிடத்துக்கும் மேலிடம் என்று அனுப்பி ஓரமாக வைத்துவிட்டார்கள். மேலிடத்துக்கு அனுப்பி ஓரம் வைக்கும் வழக்கம் நம்மிடம் மட்டும் இல்லை போலும்.

இனி முடிவாக, நமக்கு நேரடியாகச் சேரவேண்டிய ஒரு நிகழ்ச்சி. மேரிலாந்து குடியேற்றத்தைக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று, எல்லாக் கிறிஸ்தவரும் இருக்கலாம் என்று அமைத்தது. பிற்பாடு ஆட்சி கைமாறி, 1704இல் அங்கேயே நம்முடைய பொது வழிபாட்டைத் தடைசெய்தார்கள். இங்கிலாந்திலும் திருப்பலி சட்டவிரோதம். இந்தச் சூழ்நிலையில் இயேசு சபைக் குரு ஜோசப் கிரீட்டன், பென்சில்வேனியாவின் அன்றைய தலைநகரான பிலடெல்பியாவில் 1733இல் புனித யோசேப்பின் பெயரில் ஒரு சிற்றாலயம் அமைத்தார். மறைக்க முடியவில்லை; 1734 ஜூலையில் ஆளுநர் பேட்ரிக் கார்டன் ஆலோசனை மன்றத்தில் அதை எழுப்பினார். வால்நட் தெருவில் ரோமானியத் திருப்பலி பகிரங்கமாக நடக்கிறது, இது இங்கிலாந்துச் சட்டத்துக்கு விரோதமல்லவா என்றார். மன்றத்தில் வேறு சிலர், 1701இல் பென் கொடுத்த உரிமைச் சாசனம் இவர்களுக்கும் பொருந்துமே என்றார்கள். பென் இறந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆளுநருக்கு வேண்டுமானால் லண்டன் மேலதிகாரிகளைக் கேட்கட்டும் என்று சொல்லிக் கலைந்தார்கள்.

ஆலயத்தை யாரும் பூட்டவில்லை. கிரீட்டன் அடிகளார் தொடர்ந்து திருப்பலி நிறைவேற்றினார். பழைய கட்டடம் போய்ப் புதியவை வந்தன. அதே இடத்தில், வில்லிங்ஸ் சந்துக்குள், புனித யோசேப்பு ஆலயத்தில் இன்றும் திருப்பலி நடக்கிறது.